இளநிலைப் படிப்பிலேயே ஆய்வைத் தொடங்க: ஆசிரியரை அணுகும் நாள் முதல் வேலையை ஒப்படைக்கும் நாள் வரை

இளநிலைப் பட்டம் படிக்கும்போதே ஆய்வில் இறங்க விரும்பும் மாணவருக்கு முதல் தேவை, வாரம் ஒருமுறையாவது அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்து, ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று கேட்கக்கூடிய ஓர் ஆசிரியர். பாடத்திட்டத்தில் உள்ள செய்முறை வகுப்புகளில் அந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. அங்கே வரவேண்டிய விடை முன்பே தெரியும். சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டிலும் அதுவே இருக்கும். விடை சற்று விலகிப்போனால் அதைத் திருத்தி எழுதிக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் பிறக்கிறது. ஆய்வில் விடை மாணவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் இரண்டு மூன்று இளநிலை மாணவர்களோடு சேர்ந்து ஏதேனும் ஒரு சிறிய கேள்வியைப் பின்தொடர்ந்து வருகிறேன். பெரிய ஆய்வு நிறுவனம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஊரில் படிக்கும் ஒரு மாணவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இறுதிப் பருவத்தில் எல்லோரும் செய்யும் பிராஜெக்டையும் இங்கே நான் சொல்லும் ஆய்வையும் ஒன்றாகக் கருத வேண்டாம். நால்வர் சேர்ந்து ஒரு தலைப்பை எடுத்து, ஒருவர் மட்டும் வேலை செய்து, மற்ற மூவர் தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் பணம் பங்கிட்டுக்கொள்ளும் பிராஜெக்டுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆயத்தமாகச் செய்து வைத்த பிராஜெக்டை விலைக்கு விற்கும் கடைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றில் காசு செலவழிக்கும் மாணவர் இழப்பது காசை மட்டுமன்று; மூன்றாண்டுப் படிப்பில் தானாக ஒன்றைக் கண்டறிவதற்குக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அங்கே விற்றுவிடுகிறார் என்பதே எனக்கு வருத்தம். இளநிலை மாணவரை ஆய்வில் சேர்ப்பதற்கென்றே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 1969இல் ஒரு நிலையான ஏற்பாட்டைத் தொடங்கியது. நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் அப்படியோர் அலுவலகம் இல்லாததால், கதவைத் தட்ட வேண்டிய பொறுப்பு மாணவருடையதாகிறது.

எப்போது தொடங்குவது

மூன்றாம் பருவம், அதாவது இரண்டாம் ஆண்டின் தொடக்கம், மிகப் பொருத்தமான காலம். முதலாம் ஆண்டு முழுவதும் புதிய ஊருக்கும் விடுதிக்கும் பழகுவதிலும், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பாடநூலோடு போராடுவதிலும் கழிந்துவிடுகிறது. அதில் குறையொன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டிலோ முதுநிலை நுழைவுத் தேர்வுகளும் வேலைவாய்ப்பு முகாம்களும் வந்து நேரத்தைத் தின்றுவிடும். மூன்றாம் பருவத்தில் ஆசிரியரை அணுகி, நான்காம் பருவத்தில் வாசித்துப் பழகி, இடையில் வரும் கோடை விடுமுறையில் முழுமூச்சாக வேலை செய்து, ஐந்தாம் பருவத்தில் எழுதி முடிப்பது ஓர் இயல்பான கணக்கு. அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் ஆய்வுக்கு உரியவர் அல்லர் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் மிகச் சிறப்பாக வேலை செய்தவர்களில் சிலர் வகுப்பில் நடுவரிசையில் இருந்தவர்களே. ஆனால் தேர்வு நெருக்கடியில் ஆய்வைப் பாதியில் விட்டுப் போகும் மாணவரால் அவருக்கும் பயனில்லை, ஒதுக்கிய நேரத்தை இழக்கும் ஆசிரியருக்கும் பயனில்லை.

யாரிடம் போவது

உங்கள் துறையிலிருந்தே தொடங்குங்கள். வகுப்பில் ஒரே பாடத்தைப் பத்தாண்டுகளாக நடத்திவரும் ஆசிரியர் தம் முனைவர் பட்டத்துக்கு நண்டுகளின் ஓட்டைப் பற்றியோ நெல் வயல் சிலந்திகளைப் பற்றியோ ஐந்தாண்டுகள் உழைத்திருப்பார். அதைப் பற்றி அவரிடம் கேட்ட மாணவர் அநேகமாக ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அவர் என்ன ஆய்வு செய்தார் என்பதைக் கண்டறிவது கடினமன்று. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஏராளமாக உள்ளன. ஆய்வாளர் பெயராலும் நெறியாளர் பெயராலும் தேடலாம், முழு ஆய்வேட்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கூகுள் ஸ்காலரில் ஆசிரியரின் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடினால் அண்மையில் அவர் எழுதிய கட்டுரைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றையேனும், பாதி புரியாவிட்டாலும், முன்னுரையையும் முடிவுரையையுமாவது வாசித்துவிட்டு அவரைப் பார்க்கப் போங்கள்.

துறையில் முனைவர் பட்ட மாணவர்கள் இருந்தால் அவர்களோடு பேசுவது ஆசிரியரோடு பேசுவதைவிட முதலில் பயன் தரும். அந்த ஆசிரியர் மாணவர்களை எப்படி நடத்துகிறார், வாரந்தோறும் சந்திக்கிறாரா, கட்டுரையில் உழைத்தவர் பெயரைச் சேர்க்கிறாரா என்பவற்றை அவர்களே அறிவார்கள். பெரிய பெயர் பெற்றவர், ஆனால் மாணவரைப் பார்க்கவே நேரமில்லாதவர் என்றால், தொடக்கநிலை மாணவருக்கு அவரைவிடப் பெயர் தெரியாத, ஆனால் மாலை நான்கு மணிக்கு ஆய்வகத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியரே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரிக்குள் யாரும் கிடைக்காவிட்டால் அடுத்த வட்டத்தைப் பாருங்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கோவை அருகே ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று ஆய்வுக்கூடங்கள் சென்னைக்கு வெளியேயும் இருக்கின்றன. வரலாறும் இலக்கியமும் படிப்பவர்களுக்கு ஆய்வகம் என்பது நூலகமே. 1994இல் நிறுவப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் நூல்களும், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசு ஆவணங்களும், தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சுவடிகளோடு தாவர மாதிரிகளும் உள்ளன. ஆவணக் காப்பகத்தில் நுழையக் கல்லூரியின் கடிதம் தேவைப்படலாம் என்பதால், அங்கேயும் உங்கள் ஆசிரியர் ஒருவரின் கையெழுத்திலிருந்தே பயணம் தொடங்குகிறது.

முன்பின் அறியாத பேராசிரியரை அணுகத் தயங்குபவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது 1928ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஒரு சந்திப்பு. ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு அப்போது இந்தியாவுக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரியில் இளநிலை ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர், சோமர்ஃபெல்டு அணு அமைப்பைப் பற்றி எழுதிய நூலைத் தாமாகவே படித்திருந்தார். சோமர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். அந்த நூலில் உள்ளவை பெரும்பாலும் பழையதாகிவிட்டன, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதிலிருந்த புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலர் வழியாக 1929இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியாயிற்று. சந்திரசேகரின் அறிவு நமக்கெல்லாம் வாய்க்காது என்று மாணவர்கள் சொல்வார்கள். நான் சுட்டிக்காட்டுவது அறிவை அன்று. அவர் அந்த அறைக்குள் நுழையும் முன்பே எதிரிலிருப்பவரின் நூலை வாசித்து முடித்திருந்தார். அதை எவரும் செய்யலாம்.

முதல் கடிதம்

நேரில் சந்திக்க முடிந்தால் நேரிலேயே சந்தியுங்கள். வகுப்பு முடிந்து ஆசிரியர் அடுத்த வகுப்புக்கு விரையும் நேரத்தில் வழிமறிக்காமல், ‘எப்போது வந்து பார்க்கலாம் ஐயா?’ என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகத் துறை வாயிலில் நில்லுங்கள். வெளியூர்ப் பேராசிரியர் என்றால் மின்னஞ்சல்தான் வழி. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பெறுபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், இரண்டாம் வரியை அவர் படிக்க மாட்டார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் எளிய ஆங்கிலம் போதும். அலங்காரமான பாராட்டும் இணையத்தில் எடுத்த மாதிரி வாசகங்களும் உங்கள் குரலை மறைத்துவிடும். பொருளாக அமைய வேண்டியது ஏறத்தாழ இவ்வளவே:

‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் இன்ன கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏரிகளில் மிதவை உயிரிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோடையில் அவற்றின் எண்ணிக்கை குறைந்ததற்கு வெப்பம் காரணமா, மீன்கள் காரணமா என்பதை எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். நுண்ணோக்கியில் பார்த்து எண்ணப் பழகியிருக்கிறேன். புள்ளியியலை இப்போதுதான் கற்கத் தொடங்கியுள்ளேன். டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரமும் அதன்பின் சனிக்கிழமைகளிலும் தங்கள் ஆய்வகத்துக்கு வர என்னால் இயலும். அரை மணி நேரம் நேரில் சந்திக்க வாய்ப்பளித்தால் நன்றியுடையேன். மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன்.’

இதில் மாணவர் தமக்குத் தெரியாததைச் சொல்லியிருக்கிறார், எவ்வளவு நேரம் தர முடியும் என்பதைச் சொல்லியிருக்கிறார், கேட்பது ஒரு சந்திப்பை மட்டுமே. பத்து நாள் வரை காத்திருந்து, பதில் வராவிட்டால் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பதில் வராமைக்குப் பெரும்பாலும் உங்களோடு தொடர்பில்லாத காரணமே இருக்கும்: விடைத்தாள் திருத்தும் பணியாக இருக்கலாம், தர மதிப்பீட்டுக் குழுவின் வருகையாக இருக்கலாம். இடமில்லை என்று பதில் வந்தால் நன்றி தெரிவித்து, இதே பொருளில் வேறு யாரை அணுகலாம் என்று கேளுங்கள். என்னிடம் இடமில்லாதபோது நான் அனுப்பிவைத்த மாணவர்களில் பலருக்கு வேறோர் ஆசிரியரிடம் இடம் கிடைத்திருக்கிறது.

கேள்வியைச் சுருக்குதல்

முதல் சந்திப்பில் ‘எதைப் பற்றி?’ என்று கேட்டால், ‘நீர் மாசு’, ‘புற்றுநோய்’, ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற அளவிலேயே விடை வரும். இவை துறைகள், இவற்றில் எதையும் ஓர் இளநிலை மாணவர் ஓராண்டில் ஆராய முடியாது. நெறியாளரின் உதவி மிகுதியாகத் தேவைப்படுவது இங்கேதான் என்பதால், சற்று விரிவாகவே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

எங்கள் மாணவி ஒருவர் நீர் மாசைப் பற்றி ஆராய வேண்டும் என்று வந்தார். அவருடைய ஊர் ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருப்பதையும், மீன் குறைந்துவிட்டதென்று அவர் தாத்தா சொல்லி வருவதையும் பேச்சினிடையே குறிப்பிட்டார். ஆகாயத்தாமரை படர்ந்தால் நீருக்குள் வெயில் இறங்குவதில்லை. வெயில் இல்லாமல் பாசிகள் உயிர்வளியை வெளியிட முடிவதில்லை. அழுகும் இலைகளோ இருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடுகின்றன. ஆகவே, ஆகாயத்தாமரைக்கு அடியில் உள்ள நீரிலும் திறந்தவெளி நீரிலும் கரைந்துள்ள உயிர்வளியின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பது கேள்வியாயிற்று. ஓர் ஏரி, மூன்று இடங்கள், நான்கு மாதம், வாரம் ஒருமுறை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வேதியியலாளர் விங்க்லர் 1888இல் வகுத்த தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) முறை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது. மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி புகாமல் நீரை எடுத்து, ஏரிக்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்து உயிர்வளியை நிலைப்படுத்தி, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்து, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஆறு வாரம் கழித்து அவர் முகம் வாடி வந்தார். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவே வருகிறது, ஆய்வு தோற்றுவிட்டது என்றார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் திறந்தவெளிக் கரையில் காலை ஆறரை மணிக்கே நீர் எடுத்திருக்கிறார். ஆகாயத்தாமரை உள்ள பகுதிக்குப் பரிசல் தேவைப்பட்டதால், மீனவர் வரும்வரை காத்திருந்து பத்தரை மணிக்கு எடுத்திருக்கிறார். இரவு முழுவதும் நீரில் உள்ள உயிர்கள் எல்லாம் சுவாசிப்பதால் விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற உயரும். அவர் அளந்தது இடத்தின் வேறுபாட்டையும் நேரத்தின் வேறுபாட்டையும் சேர்த்து. ஒன்று மற்றொன்றை மறைத்துவிட்டது. அதை உறுதிப்படுத்த ஒரு நாள் முழுவதும் கரையில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை நீர் எடுத்தோம். எண்கள் காலையிலிருந்து பிற்பகல் வரை ஏறிக்கொண்டே போனதை அவர் தம் கையால் வரைந்த வரைபடத்தில் பார்த்தபோது, பாடநூலில் அவர் மனப்பாடம் செய்திருந்த ஒளிச்சேர்க்கை அவருடைய ஊர் ஏரியில் நடந்துகொண்டிருந்தது. அதன்பின் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில், இடத்துக்கு மூன்று குப்பியாக எடுக்கத் தொடங்கினார். முதல் ஆறு வார எண்களை நாங்கள் தூக்கி எறியவில்லை. எந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை என்று குறிப்பிட்டுத் தனி அட்டவணையாக வைத்தோம். நேரம் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்திராவிட்டால் பிழை எங்கே என்பதே தெரிந்திராது.

கேள்வியைச் சோதிக்க நான் கையாளும் உரைகல் ஒன்று உண்டு: விடை ‘ஆம்’ என்று வந்தாலும் ‘இல்லை’ என்று வந்தாலும் எழுதத்தக்கதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விடை வந்தால்தான் பயன் என்னும்படியான கேள்வி, மாணவரை அறியாமலேயே எண்களைத் திருத்தும் ஆசைக்குள் தள்ளிவிடும்.

குறிப்பேடும் வாசிப்பும்

குறிப்பேடு தைக்கப்பட்டதாக, பக்க எண்ணிட்டதாக இருக்கட்டும். ஆய்வகத்தில் மையால் எழுதுங்கள்; பிழையை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், கீழே என்ன இருந்தது என்பது தெரிய வேண்டும். களத்தில் பென்சிலே சிறந்தது. நான் முதுநிலை படித்தபோது உதிரித் தாள்களில் மைப்பேனாவால் எழுதி வைத்திருந்த ஒரு மாதத்துக் கணக்கு, ஐப்பசி மழையில் ஒரே மாலையில் நீலக் கறையாகிவிட்டது; அந்த மாதம் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும், எண்களைக் கணினியில் ஏற்றி இரண்டு இடத்தில் சேமிப்பதும் ஐந்து நிமிட வேலை.

ஆய்வுக்கட்டுரையைக் கதைநூல்போல முதல் வரியிலிருந்து படிக்க முயல்வதே பலர் மனம் தளர்வதற்குக் காரணம். முதலில் தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை ஆகியவற்றை மட்டும் பாருங்கள். அது உங்களுக்குத் தேவைதான் என்று தோன்றினால், செய்முறைப் பகுதியைக் கையில் பேனாவோடு படியுங்கள். ‘இதை நான் நாளைக்கே செய்ய வேண்டுமானால் என்னென்ன வேண்டும்?’ என்று கேட்டபடி படித்தால் செய்முறை விளங்கிவிடும். வாரம் இரண்டு கட்டுரை போதும். ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்து வரி, தமிழிலேயே, உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் சுருக்கி எழுத முடிந்தால்தான் உண்மையில் புரிந்திருக்கிறது என்பதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். படித்தவற்றின் விவரங்களைச் சேர்த்து வைக்க ஜொட்டெரோ என்ற இலவச மென்பொருள் உதவும்.

கட்டுரைகளுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று திரும்பி வருபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசுகளின் கீழுள்ள 6,300 கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் தங்கள் நூலகரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்கள், கட்டுரை எழுதியவருக்கே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். பெரும்பாலோர் மகிழ்ந்து அனுப்பிவைப்பார்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் ஆகியவற்றுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்க்சைவ் களஞ்சியம் யாவருக்கும் திறந்தே இருக்கிறது.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். சராசரி, திட்டவிலக்கம், இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை, ஒரு தொடர்புக் கோடு ஆகிய நான்கும் தெரிந்தால் முதல் ஆய்வை முடித்துவிடலாம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். எத்தனை மாதிரி எடுப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே நெறியாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எண்கள் வந்த பிறகு புள்ளியியல் தெரிந்தவரைத் தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டுக் கடைக்கால் எங்கே என்று கேட்பதைப் போன்றது.

நெறியாளரோடு பழகுதல்

வாரச் சந்திப்புக்குச் செல்லும்போது ஒரு பக்கத்தில் மூன்றை எழுதிக்கொண்டு போங்கள்: சென்ற வாரம் செய்தது, தடைப்பட்டது, அடுத்த வாரம் செய்ய நினைப்பது. வேலை நடக்காத வாரத்திலும் போங்கள். வெட்கத்தால் ஒரு வாரம் போகாமல், அது மூன்று வாரமாகி, பிறகு ஆசிரியரைக் கண்டாலே ஒதுங்கிச் செல்லும் நிலைக்கு வந்து ஆய்வையே விட்ட மாணவர்கள் உண்டு. ‘இந்த வாரம் உள்தேர்வு, எதுவும் செய்யவில்லை ஐயா’ என்று சொல்லும் மாணவர்மீது எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை.

குப்பியை உடைத்தாலும் எண்ணைத் தவறாகக் குறித்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட பிழை, வேறொருவர் அந்த எண்ணை நம்பிக் கட்டும் வேலையையும் கெடுத்துவிடும்.

மரியாதைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள எல்லையும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கருவிகளைக் கழுவுவதும் வேதிக் கரைசல் தயாரிப்பதும் ஆய்வின் பகுதி. நெறியாளரின் வீட்டு வேலையும் வங்கி வேலையும் அப்படியல்ல. அவற்றைப் பணிவாக மறுக்கலாம், தொடர்ந்தால் துறைத்தலைவரிடம் சொல்லலாம். சந்திப்புகள் துறை நேரத்தில், துறைக்குள்ளேயே நடக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறையீட்டைக் கேட்க, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்பதைத் தேவை ஏற்படும் முன்பே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கால வாய்ப்புகள்

சொந்தக் கல்லூரியில் ஒரு பருவம் உழைத்தவருக்குக் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. விண்ணப்பத்தில் எழுத அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி, புதுதில்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம், இரண்டு மாத காலத்துக்கு நாட்டின் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் ஒரு நெறியாளரிடம் மாணவரைச் சேர்க்கிறது. இதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே முடிந்துவிடுவதால், மார்ச்சில் விழித்துக்கொள்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி., தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையம், புணேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூக்கா ஆகியவையும் தனித்தனியாக இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. ஆகஸ்ட் மாதத்திலேயே ஒரு தாளில் இவற்றின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் இணையதளத்திலும் தகுதியையும் கடைசி நாளையும் பார்த்துக் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எத்தனையாவது ஆண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

விண்ணப்பத்தில் கேட்கப்படும் சிறு கட்டுரையில், சிறுவயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்க வேண்டாம். தேர்வாளர்கள் அந்த வரியை நூற்றுக்கணக்கில் படித்திருப்பார்கள். ஏரிக்கரையில் ஆறு வாரம் தவறான நேரத்தில் நீர் எடுத்ததையும் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெளியூர் அனுப்ப வீட்டில் தயங்கினால், நிறுவனத்தின் கடிதத்தையும் விடுதி விவரத்தையும் காட்டி, உங்கள் ஆசிரியரைக் கொண்டு பெற்றோரிடம் பேசச் செய்யுங்கள். நான் பல வீடுகளுக்குத் தொலைபேசி செய்திருக்கிறேன். ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும்போது பெற்றோர் பெரும்பாலும் இசைகிறார்கள்.

இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு நிதியுதவி அளித்து வருகிறது. தொகை பெரிதன்று, ஆனால் வேதிப்பொருளுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகும். தனக்கென ஒரு செலவுக் கணக்கை எழுதிப் பழகுவதும் மாணவருக்கு நல்ல பயிற்சி.

வெளியிடுதல், அனுமதி, நேர்மை

இளநிலை மாணவர் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இந்த அவசரமே அவர்களைப் போலி ஆய்விதழ்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்கப்பட்டது என்று பதில் வந்தால், சில ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னால், சான்றிதழும் அனுப்புவோம் என்றால், அது ஆய்விதழ் அன்று. தரமான ஆய்விதழ்களைக் காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்து வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், நல்ல இதழ் எது என்பதை நெறியாளரோடு கலந்து தேர்வதே வழி. முதலில் கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு சுவரொட்டி வைத்துப் பதினைந்து பேரின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகுங்கள். கட்டுரையாக எழுதும் நிலை வந்தால், யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நட்பைக் காக்கும்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் பத்து விழுக்காட்டுக்குள் வந்தால் போதும் என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பிறர் எழுதியதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கணினியைக் கொண்டு எழுதச் செய்த பத்தியை உங்களுடையதாகக் கொடுப்பதும் அதே வகைதான். மொழியைத் திருத்த உதவி பெற்றிருந்தால் நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மனிதர்களிடம் வினாப்பட்டியல் கொடுப்பதாக இருந்தாலும் முன் ஒப்புதல் வேண்டும். நோய், சாதி, வருமானம் பற்றிக் கேட்பதாக இருந்தால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். காப்புக்காட்டில் ஒரு பூச்சியைப் பிடிப்பதற்கும் வனத்துறையின் அனுமதி தேவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மாணவர் என்று யாருக்கும் விலக்களிக்கவில்லை. அனுமதிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்பதைக் கால அட்டவணையில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பாக, விண்ணப்பிக்கும் இடம், கடைசி நாள், நீங்கள் செய்த வேலையின் ஒருபக்கச் சுருக்கம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு கேளுங்கள். உங்களோடு ஓராண்டு வேலை செய்த ஆசிரியரால்தான், ஆறாவது வாரத்தில் நடந்ததை எழுத முடியும். அப்படிப்பட்ட ஒரு பத்தி, ‘ஒழுக்கமான மாணவர்’ என்ற பொதுவான வரிகளைவிடப் பன்மடங்கு எடையுள்ளது.

கல்லூரியை விட்டுப் போகும் முன் வேலையை முறையாக ஒப்படையுங்கள். குறிப்பேடு துறையில் இருக்க வேண்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும். கணினிக் கோப்பின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள எண் எதைக் குறிக்கிறது, அலகு என்ன, எந்த நாளில் மழை பெய்தது, எந்தக் குப்பியில் ஐயம் உண்டு என்பவற்றை ஒரு தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நீர் எடுத்த இடங்களைக் கையால் வரைந்த படத்தில் குறித்து, கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையையும் சேருங்கள். இரண்டாண்டு கழித்து உங்கள் துறையில் வேறொரு மாணவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, மூன்றாம் இடம் என்பது மதகுக்குத் தெற்கே உள்ள படித்துறையா, வடக்கே உள்ளதா என்று உங்களைத் தொலைபேசியில் தேட வேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது.